பணம் கட்டிய பிறகு வந்து கேட்கிறார்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்திலிருந்து யாராவது ஒரு அப்பா பிளாஸ்டிக் ஃபைலும் கையுமாக வந்துவிடுகிறார். "டீச்சர், அட்வான்ஸ் கட்டியாச்சு. காலேஜ் நல்ல காலேஜ்தானான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க." உயிரியல் எடுக்கிற டீச்சருக்கு வெளிநாட்டு எம்பிபிஎஸ் பற்றித் தெரியும் என்ற நம்பிக்கையில் வருகிறார்கள். வரட்டும், சந்தோஷம். ஆனால் கட்டுவதற்கு முதல் நாள் வரக்கூடாதா? நான் பார்த்துச் சொல்ல என்ன மிச்சம் இருக்கிறது?

இரண்டு சென்ட் மனை வாங்குகிறவர்கூட வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார். தாய்ப்பத்திரம் எங்கே என்று கேட்கிறார். அதே மனிதர் இருபது, முப்பது லட்சத்தையும் பிள்ளையின் ஆறு வருஷத்தையும், பஸ் ஸ்டாண்ட் எதிரில் மாடியில் ஏசி ரூம் போட்டு உட்கார்ந்திருக்கிற கன்சல்டன்சிக்காரரின் வாய் வார்த்தையை நம்பிக் கொடுத்துவிட்டு வருகிறார். அந்தக் கன்சல்டன்சிக்குப் பல்கலைக்கழகத்திடமிருந்தும் கமிஷன் வரும் என்று சொன்னால், "அப்படியா டீச்சர்?" என்கிறார்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருவது இந்தக் கன்சல்டன்சிகளின் ஃபிளெக்ஸ் போர்டைப் பார்த்தால்தான். 'தேசிய மருத்துவ ஆணைய அங்கீகாரம் பெற்ற கல்லூரி' என்று ஆளுயர எழுத்து. எந்த வெளிநாட்டுக் கல்லூரிக்கும் ஆணையம் அங்கீகாரம் கொடுப்பதில்லை. அப்படி ஒரு பட்டியலே தங்களிடம் கிடையாது என்று ஆணையமே அறிவித்திருக்கிறது. ஆக, போர்டின் முதல் வரியே பொய். கலெக்டர் ஆபீஸ் போகிற ரோட்டில் அது ஒரு சீசன் முழுக்கத் தொங்குகிறது, யாரும் கேட்பதில்லை. அடுத்ததாக உலக மருத்துவப் பள்ளிகள் பட்டியலைக் காட்டுவார்கள். இந்தப் பட்டியலில் பெயர் இருப்பதை அங்கீகாரமாகக் கொள்ளக்கூடாது என்று பட்டியலை நடத்துகிறவர்களே சொல்கிறார்கள். அந்த வரியை மட்டும் யாரும் காட்ட மாட்டார்கள்.

ஆணையம் சொல்லியிருப்பது வேறு. 2021 நவம்பரில் விதிகள் வந்தன. படிப்பு குறைந்தது 54 மாதம். ஆங்கிலவழி. அதே கல்லூரியில் தொடர்ந்து 12 மாதம் பயிற்சி. எல்லாவற்றுக்கும் மேலாக, படித்து முடித்தால் அந்த நாட்டிலேயே, அந்த ஊர்க்காரர்களைப் போலவே மருத்துவராகப் பதிவு செய்து தொழில் பார்க்கும் தகுதி கிடைக்க வேண்டும். இதில் ஒன்று இடித்தாலும் இங்கே வந்து ஊசி போட முடியாது. பிலிப்பைன்ஸில் நம் பிள்ளைகள் மாட்டிக்கொண்டது இப்படித்தான். அங்கே பி.எஸ். என்ற முன்படிப்பு தனி, எம்.டி. நான்கு வருஷம் தனி. முன்படிப்பைக் கணக்கில் சேர்க்க மாட்டோம் என்று ஆணையம் சொல்லிவிட்டது. நான்கு வருஷம் என்றால் 48 மாதம். இதற்குப் பெரிய படிப்பா வேண்டும்? கழித்தல் தெரிந்தால் போதாதா?

போன வாரம் வந்த ஃபைலைப் பிரித்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் பெரிய முத்திரை. சேர்க்கைக் கடிதம் வந்திருப்பது ஒரு ஜிமெயில் முகவரியிலிருந்து. இரண்டாம் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில், மூன்றாம் ஆண்டுக்குப் பிறகு பாடம் அந்த நாட்டு மொழியில் என்று இருக்கிறது. ரசீது கன்சல்டன்சி பெயரில், 'சர்வீஸ் சார்ஜ், திருப்பித் தரப்படமாட்டாது' என்று. கல்லூரிக் கட்டணம் என்று ஒரு ரூபாய்கூட அதில் இல்லை. ஒரிஜினல் மார்க் ஷீட் எங்கே என்றேன். விசாவுக்கு வேண்டும் என்று அவர்களே வாங்கி வைத்துக்கொண்டார்களாம். அந்தப் பெண் என் வகுப்பில் முதல் பெஞ்ச். நிமிர்ந்து என்னைப் பார்க்கவே இல்லை. அவள் செய்த தப்பு என்ன இதில்?

திரும்பி வந்தால் இங்கே மருத்துவராகப் பதிவு செய்ய எழுத வேண்டிய தேர்வு ஒன்று இருக்கிறதே, அதையாவது முன்கூட்டிச் சொல்கிறார்களா? 300 மதிப்பெண்ணுக்கு 150 எடுத்தால்தான் தேர்ச்சி. பெரும்பாலான தடவை நான்கைந்து பேரில் ஒருவர்தான் தேறுகிறார். எந்தக் கல்லூரியிலிருந்து எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் தேறினார்கள் என்று அந்தத் தேர்வை நடத்துகிற வாரியமே வெளியிட்டிருக்கிறது. அந்தத் தாளை எந்த ஏஜென்டாவது மேஜையில் வைத்திருக்கிறாரா?

மருத்துவம் மட்டும் என்றில்லை. போலிச் சேர்க்கைக் கடிதத்தோடு கனடா போன பஞ்சாப் பிள்ளைகள் 2023இல் வெளியேற்ற நோட்டீஸ் வாங்கி ரோட்டில் உட்கார்ந்தார்கள். பலர் அங்கே போய், வேறு கல்லூரியில் சேர்ந்து படித்து முடித்து, வேலைக்கும் போய்விட்டவர்கள். நிரந்தர வசிப்புரிமைக்கு மனுப் போட்டபோதுதான் கடிதமே பொய் என்று தெரிந்தது. அதற்குப் பிறகு, அந்த டிசம்பரிலிருந்து, ஒவ்வொரு கடிதத்தையும் கல்லூரியிடமே கேட்டு உறுதி செய்கிறது கனடா அரசு. அந்த வேலையை ஓர் அப்பா ஒரே ஒரு மின்னஞ்சலில் செய்திருக்கலாம். கல்லூரியின் சொந்த இணையதளத்தில் இருக்கிற முகவரிக்கு, 'இந்தக் கடிதம் நீங்கள் கொடுத்ததுதானா?' என்று எழுதினால் முடிந்தது. பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும்கூட வெளிநாட்டு மாணவரைச் சேர்க்கும் தகுதியுள்ள கல்லூரிகளின் பட்டியலைப் பகிரங்கமாகவே வைத்திருக்கின்றன.

பெற்றோரை மட்டும் திட்டி என்ன பயன்? வளைகுடாவுக்கு ஒரு கொத்தனாரை வேலைக்கு அனுப்புகிற ஏஜென்ட், 1983ஆம் வருஷச் சட்டப்படி மத்திய அரசிடம் பதிவு செய்ய வேண்டும், வங்கி உத்தரவாதம் கொடுக்க வேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளையைப் படிக்க அனுப்புகிறவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. இவர் ஒரு போர்டு மாட்டினால் போதும். அடுத்த வருஷம் வேறு பெயரில் வேறு போர்டு.

இன்னொன்றும் இருக்கிறது. ஆணையத்தின் விதிகள் அரசிதழில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் கிடக்கின்றன. ஏஜென்டின் நோட்டீஸோ அழகான தமிழில், வழவழ தாளில், வாசல் தேடி வருகிறது. அந்த நாலைந்து விதியையும் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சடித்து, ரிசல்ட் வருவதற்கு ஒரு மாதம் முன்னால் எல்லா மேல்நிலைப் பள்ளிக்கும் அனுப்பக் கூடாதா? மார்க் ஷீட்டோடு சேர்த்து ஆளுக்கொன்று நாங்களே கொடுக்கிறோம். கல்வித் துறைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. இந்த வருஷ மார்க் ஷீட் கொடுத்து முடித்துவிட்டோம்.