கதை எங்கே திரும்புகிறது?

குழம்பு வைக்கப் பருப்பு, புளி, உப்பு என்று எடுத்து வைத்துக்கொள்கிறோம் அல்லவா? சிறுகதைக்கும் அப்படிச் சில சாமான்கள் உண்டு. பாத்திரங்கள், இடமும் வேளையும், ஒரு முடிச்சு, ஒரு திருப்பம், முடிவு. "இதெல்லாம் பள்ளிக்கூடப் பாடமாச்சே!" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்களில் பலர் படித்திருக்கும் கதை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்', 1966-இல் ஆனந்த விகடனில் வந்தது.

முக்கியமானவர்கள் மூன்றே பேர். ஒரு கல்லூரி மாணவி, காரில் வந்த ஓர் இளைஞன், அந்தப் பெண்ணின் விதவைத் தாய். வேளை, மழை கொட்டும் மாலை. அந்த மழை சும்மா அழகுக்காகப் பெய்யவில்லை. மழை இல்லாவிட்டால், முன்பின் தெரியாதவன் காரில் அவள் ஏறியிருப்பாளா? கதையில் இடமும் வேளையும் இப்படி ஏதாவது வேலை செய்யணும்.

காரில் அவளைச் சீரழித்துவிடுகிறான். வீட்டுக்கு வந்தவள் அம்மாவிடம் அழுதுகொண்டே சொல்லிவிடுகிறாள். முடிச்சு இங்கேதான் இறுகுகிறது. அம்மா என்ன செய்யப் போகிறாள்?

முதலில் பதறுகிறாள், கோபத்தில் அடிக்கவும் செய்கிறாள். அப்புறம் மகளின் தலையில் தண்ணீரைக் கொட்டி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று தேற்றுகிறாள். ஊருக்குச் சொல்லவில்லை. இதுதான் திருப்பம். கதையும் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஒரே ஒரு மாலைப்பொழுது, அவ்வளவுதான்!

இந்த முடிவைப் பற்றி அந்த நாளில் பலத்த சர்ச்சை எழுந்தது. பிறகு ஜெயகாந்தனே ஒன்று செய்தார். அதே மழை, அதே கார், அதே பெண். அம்மாவின் செய்கையை மட்டும் மாற்றினார். அவள் வாய்விட்டுக் கதற, விஷயம் வெளியே தெரிந்து, அண்ணன் தங்கையை வீட்டைவிட்டே துரத்துகிறான். அவள் வாழ்க்கையே வேறாகிவிடுகிறது. அதுதான் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவல். 1972-இல் சாகித்ய அகாதமி பரிசு பெற்றது. 1977-இல் சினிமாவாகவும் வந்தது.

பார்த்தீர்களா? சாமான்கள் அத்தனையும் அப்படியே இருக்க, ஒருத்தியின் ஒரு நிமிஷத் தீர்மானம் எல்லாவற்றையும் மாற்றிவிட்டது. இனி ஒரு கதையைப் படித்ததும், "இதில் யார், எந்த நிமிஷத்தில், என்ன தீர்மானித்தார்?" என்று கேட்டுப் பாருங்கள். எழுத ஆசைப்படும் சகோதரிகள், முதல் வரிக்கு முன்னாலேயே அந்த நிமிஷத்தை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அதை மாற்றியும் கதை மாறவில்லையென்றால், இன்னும் கதை கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

பெண் குழந்தையைப் பெற்றவர்கள் இந்த இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். மகள் அழுதுகொண்டு வந்து நிற்கும்போது நம் வாயிலிருந்து முதலில் என்ன வார்த்தை வரும் என்று யோசிக்கத் தோன்றும்.