விரைவும் சிக்கனமும்

சென்னையின் மேற்கு வாயில்களாக விளங்குபவை அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்கள். 1964ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டையும், பெங்களூரு நெடுஞ்சாலையும், புறவழிச்சாலையும் இப்பகுதியைச் சரக்குகள் சந்திக்கும் இடமாக்கியுள்ளன. இங்கு ஓடும் சரக்குந்துகளுக்கு இன்று வழிகாட்டுவது கைப்பேசித் திரையாகும். இம்மாற்றம் புகையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா என்பது சிந்திக்கத்தக்கது.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோகிராம் கரியமில வாயு வெளியேறும். வண்டி வெறுமையாகத் திரும்பினாலும் டீசல் எரியத்தான் செய்யும். எனவே, ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல எவ்வளவு கரியமில வாயு வெளியேறுகிறது என்பதே கரிமச் சிக்கனத்தின் அளவுகோல்.

இவ்வளவுகோலின்படி மின்னணு முறைகள் நன்மை தந்துள்ளன என்பதில் ஐயமில்லை. 2017 ஜூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தது. மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சோதனைச் சாவடிகள் நீங்கின. 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமானது. சுங்கச்சாவடிகளில் காத்திருக்கும் நேரம் குறைந்தது. நின்றுகொண்டே வீணாக எரிந்த டீசல் மிச்சமாயிற்று. திரும்பும் வண்டிக்குச் சரக்கு தேடித்தரும் செயலிகள் வெற்றுப் பயணத்தையும் தவிர்க்க உதவுகின்றன.

ஆயினும், அதே கைப்பேசி அவசரத்தையும் வளர்த்துள்ளது. காலையில் ஒரு பொருள், மாலையில் ஒரு பொருள் எனத் தனித்தனியே கேட்பதால் ஒரே தெருவிற்குப் பல வண்டிகள் வருகின்றன. பிடிக்காத ஆடை மீண்டும் கிடங்கிற்கே பயணிக்கிறது. செயலி வழியைச் சுருக்குகிறது. அவசரமோ பயணங்களைப் பெருக்குகிறது. வீடு தேடிப் பொருள் வருவதால் மக்களின் கடைப்பயணம் குறைகிறதே என்பர் சிலர். பல வீட்டுப் பொருள்கள் ஒரே வண்டியில் சேர்ந்து வந்தால் அக்கூற்று பொருந்தும். நடந்து சென்று வாங்கக்கூடிய பொருளுக்காக ஒரு வண்டி தனியே புறப்பட்டால் பொருந்தாது.

இதற்குத் தீர்வு உண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணியர் இருப்புப்பாதை 1856இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை அம்பத்தூர், ஆவடி வழியே அமைந்தது. தொடர்வண்டி, சரக்குந்தைவிடக் குறைந்த எரிபொருளில் மிகுதியான சரக்கைச் சுமக்கும். திருவள்ளூர் மாவட்டம் மப்பேட்டில் பன்முகச் சரக்குப் போக்குவரத்துப் பூங்காவிற்கு 2022இல் அடிக்கல் நாட்டப்பட்டது. இத்தகைய பூங்காக்கள் இருப்புப்பாதையோடு இணைந்தால் நெடுந்தொலைவுச் சரக்குகள் சாலையிலிருந்து விலகும். நிறுவனங்களும் ஒவ்வொரு பொதிக்கும் ஆகும் கரியமில வாயுவின் அளவை விலைக்கு அருகிலேயே காட்டவேண்டும்.

கருவி சிக்கனத்திற்கு வழி காட்டும்; அவ்வழியே நடக்கவேண்டியவர் மனிதரே. ஒருநாள் பொறுத்து, தேவையானவற்றைச் சேர்த்து வாங்கும் பழக்கம் இளையோரிடம் வேரூன்றினால், சாலையோரம் வாழ்வோர் சுவாசிக்கும் காற்றும் தூய்மையுறும்.