தந்தி செத்துப் போச்சு, தந்திச் சட்டம் மட்டும் நம்ம தோட்டத்துல நிக்குது!

சொந்தங்களே, நம்மில் பாதிப் பேர் தந்தியைக் கண்ணால பார்த்ததே இல்லை. 2013 ஜூலையில் நாட்டில் தந்தி சேவைக்கே மூடுவிழா நடத்திட்டாங்க. ஆனா 1885-ல் வெள்ளைக்காரன் போட்ட இந்தியத் தந்திச் சட்டம் இன்னிக்கும் விவசாயி தோட்டத்துக்குள்ள கேட்காமலே நுழையுது. 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் கொண்டு வந்தப்போகூட, மின்பாதை போடுறதுக்கு மட்டும் அந்தப் பழைய பகுதி தொடரும்னு தனியா எழுதி வெச்சாங்க.

இப்போ ஏன் இதைப் பேசணும்? அடுத்து வரப்போறது பேட்டரி சேமிப்பு நிலையங்கள்.

முதல்ல ஒண்ணு தெளிவா சொல்லிடுறோம். பேட்டரி வேண்டாம்னு நாம சொல்லல. 2024 மே 2-ம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டுச்சு. பகல்ல சோலார் கொட்டுது, சாயங்காலம் 6 மணிக்கு மேல படுத்துடுது. அந்த நேரத்துக்கு சேமிச்சு வெச்ச மின்சாரம் வேணும். இன்ஜினியரிங் படிச்ச எங்களுக்கு இது புரியும். படிக்காத விவசாயிக்கும் புரியும், அவர்தான் ராத்திரி மோட்டார் போட எழுந்திருக்கிறவர்.

பிரச்சனை பேட்டரியில இல்லை. அதுல இருந்து சப்ஸ்டேஷனுக்குப் போற லைன்ல இருக்கு.

நிலையம் கட்டுற இடம் விவசாய நிலம்னா, 1971-ம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டப்படி நில உபயோக மாற்றத்துக்கு அனுமதி வாங்கணும். ஃபைல் போடணும், அதிகாரி வந்து பார்க்கணும். சரி. ஆனா அதே நிலையத்தோட லைன் பக்கத்து 30 விவசாயிகளோட தோட்டத்து மேல போகுதே, அதுக்கு? மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 164-ன் கீழ் தந்திச் சட்ட அதிகாரம் கிடைச்சிட்டா, நில உரிமையாளர் சம்மதமே தேவையில்லை. தடுத்தா கலெக்டர் உத்தரவோட வந்து கம்பி இழுப்பாங்க.

கேட்டா என்ன சொல்வாங்க? "நிலத்தை நாங்க எடுக்கலையே, பட்டா உங்க பேர்லதானே இருக்கு?"

பட்டா இருக்கு சார். பயன்பாடு எங்கே இருக்கு? கம்பிக்குக் கீழே வீடு கட்ட முடியாது. தென்னை வளர விட முடியாது. நிலம் வாங்க வர்றவன் மேலே அண்ணாந்து பார்த்துட்டு அப்படியே திரும்பிப் போறான். காகிதத்தில் புஞ்சை, நிஜத்தில் மின்பாதை. நில உபயோகம் மாறிப்போச்சு. மாத்தினவன் அனுமதி வாங்கல, அவ்வளவுதான் வித்தியாசம்.

கணக்கு போடுவோம். 110 கிலோவோல்ட் லைனுக்குப் பொதுவா 22 மீட்டர் அகலப் பாதை. ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஐந்தரை ஏக்கர் மாட்டுது. சதுரமான ஒரு ஏக்கர் தோட்டத்துக்கு நடுவுல போனா சுமார் 35 சென்ட் காலி. ஏக்கர் 20 லட்சம்னு வெச்சுக்கிட்டா, அந்த 35 சென்ட்டோட மதிப்பு 7 லட்சம். மத்திய மின் அமைச்சகத்தின் 2015 வழிகாட்டுதல்படி பாதைக்கு இழப்பீடு அதிகபட்சம் 15 சதவீதம், அதாவது 1,05,000 ரூபாய். 2024 ஜூனில் அதை 30 சதவீதமாவும், டவர் நிற்கிற இடத்துக்கு 200 சதவீதமாவும் உயர்த்தினாங்க. 30 சதவீதம்னாலும் 2,10,000 தான். அதுவும் ஒரே தடவை. கம்பி தலைமுறைக்கும் தொங்கும்!

"வளர்ச்சிக்கு யாராவது விட்டுக் கொடுக்கணும்ல?" என்பார்கள். இங்கேதான் இன்ஜினியரிங் பேசணும். காற்றாலைக்குக் காத்து அடிக்கிற இடம் வேணும். நீர்மின் நிலையத்துக்கு மலையும் அணையும் வேணும். பேட்டரிக்கு என்ன வேணும்? சமதளமும் சப்ஸ்டேஷனும். சப்ஸ்டேஷன் பக்கத்திலேயே வைக்கலாம். அப்போ லைன் நீளம் சில நூறு மீட்டர்ல முடிஞ்சிடும். விலை மலிவுன்னு தூரத்தில் நிலம் வாங்கிட்டு, அந்த மிச்சக் காசுக்கான விலையைப் பக்கத்துத் தோட்டக்காரன் தலையில கட்டுறதுக்குப் பேர் வளர்ச்சியா?

"புதைவடம் செலவு ஜாஸ்தி" என்பார்கள். ஆமா, ஜாஸ்திதான். ஆனா முடியாததா? கரூர் மாவட்டம் புகளூரில் இருந்து திருச்சூர் போற 320 கிலோவோல்ட் லைனைப் பாருங்க. கேரளாவில் வடக்கஞ்சேரிக்கு அப்புறம் சுமார் 27 கிலோமீட்டர் மண்ணுக்குள்ள கேபிளாப் போகுது. நம்ம பக்கம் முழுக்க டவர். கொங்கு மண்டல விவசாயிகள் உயர்மின் கோபுரங்களுக்கு எதிரா வருஷக்கணக்கில் போராடிக் கேட்டதும் இதைத்தானே? அங்கே முடிஞ்சது இங்கே சில கிலோமீட்டர் பேட்டரி லைனுக்கு முடியாதா?

இன்னொரு விஷயம், இதை எல்லாருக்கும் சொல்லுங்க. பிரிவு 164 அதிகாரம் தானா வர்றதில்லை. அரசு எழுத்துப்பூர்வமா உத்தரவு போட்டுக் கொடுத்தாதான் வரும். நிபந்தனை விதிச்சும் கொடுக்கலாம்னு அதே பிரிவு சொல்லுது. அதனால "சட்டம் அப்படி, நாங்க என்ன பண்றது"ன்னு எந்த ஆட்சியும் கையை விரிக்க முடியாது. பேனா அவங்க கையிலதான் இருக்கு.

நம் கோரிக்கைகள்:

1. பேட்டரி நிலையத்தையும் அதன் லைனையும் ஒரே திட்டமாப் பார்த்து நில உபயோக அனுமதி கொடுக்கணும். லைன் பாதை முடிவாகாம நிலையத்துக்கு அனுமதி கூடாது.
2. சப்ஸ்டேஷன் பக்கத்து இடம், சாலையோரம், புதைவடம் மூணையும் பரிசீலிச்ச பிறகுதான் பிரிவு 164.
3. மாநிலத்துக்குள்ள ஓடுற லைனுக்கும் புதிய இழப்பீட்டு விகிதம் குறையாம கிடைக்கணும். அதோட கம்பி இருக்கும் வரை வருடாந்திர வாடகையும் வேணும்.
4. பாதை வரைபடத்தைக் கிராம சபையில் வைக்கணும்.

உங்க ஊருக்கு சர்வே கல்லோட ஆள் வந்தா பயப்படாதீங்க, வெத்துப் பேப்பர்ல கையெழுத்தும் போடாதீங்க. பிரிவு 68 அனுமதி நகல், பிரிவு 164 உத்தரவு, பாதை வரைபடம் மூணையும் கேளுங்க. கொடுத்த இழப்பீடு பத்தலைன்னா, அதே தந்திச் சட்டத்தின் பிரிவு 16(3)-ன் கீழ் மாவட்ட நீதிபதிகிட்ட போகலாம். அந்தச் சட்டத்தில் நமக்குன்னு இருக்கிற ஒரே ஜன்னல் அது.

அடுத்த கிராம சபையில் இதைத் தீர்மானமாக் கொண்டு வாங்க. உங்க ஊர் வாட்ஸ்அப் குரூப்ல இந்தப் பதிவைப் பகிருங்க. விளக்கு எரியணும், மறுக்கல. அதுக்குத் திரியா விவசாயியை எரிக்காதீங்க!

#தந்திச்சட்டம்_போதும்
#லைனுக்கும்_அனுமதி_வேண்டும்