தெரியாத பிள்ளையிடமே கையேட்டைக் கொடுங்கள்

தொழிற்பயிற்சிக்கு வரும் கல்லூரி மாணவர்களைப் பல அலுவலகங்கள் எப்படி நடத்துகின்றன என்பது நமக்குத் தெரியும். முதல் வாரம் நகல் எடுப்பது, அடுத்த வாரம் கோப்புகளை அடுக்குவது, கடைசி நாளில் பயிற்சிக் குறிப்பேட்டில் ஒரு கையெழுத்து. இயந்திரக் கையேடு எழுதும் பிரிவுக்கு வருபவரின் நிலை இன்னும் மோசம். "உனக்கு இயந்திரமே தெரியாதே, என்ன எழுதப் போகிறாய்?" என்று கேட்டு, எழுத்துப்பிழை பார்க்க உட்கார வைத்துவிடுவார்கள்.

அந்தத் தெரியாமைதான் அவரிடம் உள்ள முதல் தகுதி என்பேன். பத்து ஆண்டுகளாக ஒரே இயந்திரத்தோடு பழகிய பொறியாளருக்குத் தான் எந்தப் படியைச் சொல்லாமல் விடுகிறோம் என்பது கண்ணில் படாது. புதியவருக்குப் படும். இரண்டு மாதம் போனால் அவருக்கும் பழகிவிடும், அதற்குள் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

மேற்பார்வையாளர்கள் முதல் நாளே ஒரு சின்னப் பயிற்சி கொடுத்துப் பார்க்கலாம். பிரிக்பீல்ட்ஸில் தங்கியிருக்கும் வெளிநாட்டுப் பயணி ஒருவர் பத்துமலை மேற்குகைக்குப் போக வழிகாட்டி எழுதச் சொல்லுங்கள். பெரும்பாலும் மூன்று வரிதான் வரும்: கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறவும், பத்துமலையில் இறங்கவும், படி ஏறவும். இப்போது திருத்தாதீர்கள், கேளுங்கள். எதிர்த்திசை ரயிலில் ஏறிவிட்டால்? 272 படிகள் என்பதை மூட்டுவலிக்காரர் எப்போது தெரிந்துகொள்வார், அடிவாரத்திலா, புறப்படும் முன்பா? குட்டைப் பாவாடையில் வந்தவருக்கு யார் சொல்வது? தின்பண்டப் பையைக் குரங்கு பறிக்கும் என்ற எச்சரிக்கை கடைசி வரியில் இருந்தால், அதைப் படிக்கும்போது பை கையில் இருக்காது!

இதில் சிரிக்கலாம். ஆனால் "மின்சாரத்தை நிறுத்தவும்" என்பது "மூடியைத் திறக்கவும்" என்பதற்குக் கீழே அச்சாகியிருந்தால் போவது விரல். கிள்ளான், ஷா ஆலாம் தொழிற்சாலைகளில் அந்தத் தாளைப் படிப்பவர், மலாயை இப்போதுதான் எழுத்துக்கூட்டும் நேப்பாளத் தொழிலாளியாக இருக்கலாம். வீட்டில் தமிழ், வெளியில் மலாய், பாடத்தில் ஆங்கிலம் என்று வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு ஒரு சொல் எங்கே புரியாமல் போகும் என்பது அனுபவத்திலேயே தெரியும். அந்தத் திறமையை நகல் இயந்திரத்தின் அருகே நிற்க வைத்து வீணாக்குகிறோம்.

கையேடு எழுதுவதை இரண்டாந்தர வேலையாக நினைப்பது நம் நாட்டில் மட்டுமல்ல. நிரல் எழுதும் மாணவர்களுக்காகக் கூகுள் 'சம்மர் ஆஃப் கோட்' திட்டத்தை 2005இல் தொடங்கியது. கையேடு எழுதுவோருக்கான 'சீசன் ஆஃப் டாக்ஸ்' வந்தது 2019இல். பதினான்கு ஆண்டு இடைவெளி!

மேற்பார்வை என்பது சிவப்புப் பேனா அல்ல. மாணவர் எழுதிய பக்கத்தை இயந்திரம் அறியாத ஒருவரிடம் கொடுத்து, மின்சாரத்தைத் துண்டித்த நிலையில், அதில் உள்ளபடியே செய்து காட்டச் சொல்லுங்கள். எழுதியவர் பக்கத்தில் நின்று பார்க்கட்டும், வாய் திறக்கக்கூடாது. எங்கே கை தயங்குகிறதோ அங்கே வாக்கியம் சரியில்லை. செயற்கை நுண்ணறிவு பிழையில்லாத வாக்கியம் தரும்தான். உங்கள் பட்டறையில் உள்ள பழைய இயந்திரத்தின் மூடி இறுகிப்போய் இரண்டு கையால் தூக்க வேண்டியிருப்பது அதற்குத் தெரியாது.

இதற்கு ஒரு நாளைக்கு அரை மணி நேரம் ஒதுக்க வேண்டும். அது முடியாத நிறுவனம் பயிற்சி மாணவரை ஏற்காமலே இருக்கலாம். மாணவர்களும் சேர்ந்த முதல் வாரத்திலேயே, "நான் எழுதுவதை யார் படிக்கப் போகிறார்கள்? அவரை நான் பார்க்கலாமா?" என்று மரியாதையோடு கேளுங்கள். நான்கே பக்கமானாலும், பட்டறைச் சுவரில் ஒட்டப்பட்ட கையேடு ஒன்று உங்களுடையதாக இருந்தால், அடுத்த நேர்முகத் தேர்வில் மேசைமேல் வைக்க ஏதாவது இருக்கும்.