முன்னால் நிற்கும் பஸ்!

சனிக்கிழமை காரைக்கால். திருநள்ளாறு பக்கம் திரும்ப வேண்டிய பஸ் வழி கிடைக்காம நிக்குதுன்னு வெச்சுக்குங்க. நாகப்பட்டினம் ரோடு காலி. ஆனாலும் பின்னால் மாட்டிய நாகை பஸ் நகர முடியாது, இல்லையா?

நெட்வொர்க் ஸ்விட்ச்சுக்குள்ளும் இதே கதைதான். உள்ளே வரும் போர்ட்டில் பாக்கெட்டுகளை ஒரே வரிசையில் நிறுத்தினால், எல்லாப் பக்கமும் சமமாக டிராஃபிக் போனாலும், போர்ட்டுகள் பெருகும்போது திறன் 58.6 சதவீதத்தில் நின்றுவிடும். 1987-லேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். வெளியேறும் போர்ட்டில் வரிசை வைத்தால் முழுத் திறன் கிடைக்கும். ஆனால் 16 போர்ட் என்றால் மெமரி 16 மடங்குக்கு மேல் வேகமாக ஓடணும். கட்டுப்படியாகுமா?

வழி இருக்கு. உள்ளே வரும் இடத்திலேயே நாகைக்கு ஒரு வரிசை, திருநள்ளாறுக்கு ஒரு வரிசை! எதை எப்போது விடுவது என்று சரியாகத் தேர்ந்தெடுத்தால் 100 சதவீதம் சாத்தியம். 1996-ல் இதை நிரூபித்த மூவரில் ஒருவர், சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த வெங்கட் அனந்தராம்.

இதுதான் உங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டா? முதலில் ஒற்றை வரிசை, 2 போர்ட், சம டிராஃபிக் வெச்சு ஓட்டுங்க. 75 சதவீதம் வரணும். வரலைன்னா தப்பு டிசைனில் இல்லை, உங்க ப்ரோக்ராமில். கிராஃப் அழகா இருக்கேன்னு நம்பி வைவாவுக்குப் போயிடாதீங்க!