சுவர் சொல்லும் சேதி

இரண்டு மாதங்களுக்கு முன் நம் சங்கத்து அன்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். கூடத்துச் சுவரில் முருகன் படக் காலண்டர் ஒன்று தொங்கியது. விசிறிக் காற்றில் அது விலகியபோது, பின்னே காலணா நுழையும் அளவு விரிசல் தெரிந்தது. "இதை ஏன் ஐயா மறைத்தீர்கள்?" என்று வினவினோம். "மாநகராட்சியார் கண்டால் காலி செய்யச் சொல்வார்கள். இந்த மும்பையில் பிள்ளைகளோடு எங்கே போவது?" என்றார். நாமும் வாடகை வீட்டில் இருப்பவரே. ஆதலால் அவரைக் கடிந்துகொள்ள நா எழவில்லை.

எனினும் மறைத்ததனால் விரிசல் நின்றுவிடாது. 2013 செப்டம்பர் 27இல் மசகாவ் பகுதியில் மாநகராட்சி ஊழியர் குடியிருந்த கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். 2017 ஜூலை 25இல் காட்கோபரில் மற்றொன்று விழுந்து 17 உயிர்கள் போயின; கீழ்த்தளத்தைப் புதுப்பிக்கையில் தூண்களில் கைவைத்ததே காரணம் என்று குற்றஞ்சாட்டப்பட்டது.

எல்லா விரிசலும் ஆபத்தன்று. பூச்சில் மயிரிழைபோல் ஓடுவது பெரும்பாலும் சாந்து உலர்ந்து சுருங்கியதால் வருவது. கதவு, சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஏறுவது அடித்தளம் இறங்குவதன் அறிகுறியாகலாம். நேற்றுவரை சாத்திய கதவு இன்று நிலையில் இடித்தால் அதையும் கவனியுங்கள். தூணிலோ உத்தரத்திலோ கம்பியின் நீளவாக்கில் விரிசலும் துருக்கறையும் கண்டால் தாமதம் கூடாது. துருவேறிய இரும்பு பருத்து, கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். சுவரில் முளைத்த அரசங்கன்றையும் அற்பமென எண்ணற்க.

நாம் குமாஸ்தாவேயன்றிப் பொறியாளர் அல்லோம். ஆயினும் இரயில்வேயில் பாலங்களைச் சோதிப்போர் கையாளும் எளிய முறையொன்றை அறிவோம். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சாந்தினால் ஒட்டுவர். கண்ணாடி உடைந்தால் விரிசல் இன்னும் நகர்கிறது என்று பொருள். வீட்டில் பென்சிலே போதும். விரிசலின் இரு முனைகளிலும் கோடிட்டுத் தேதி எழுதி, வாரந்தோறும் பாருங்கள்.

காலி செய்ய நேருமோ என்ற அச்சத்துக்கும் ஒரு விடை உண்டு. 30 ஆண்டு கடந்த கட்டடத்தைப் பதிவுபெற்ற கட்டுமானப் பொறியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்பது இந்நகரின் சட்டம். சோதித்தபின் கட்டடத்தை நான்கு வகையாகப் பிரிப்பர். சி-1 என்பதே குடியிருக்கத் தகாதது, உடனே இடிக்கத்தக்கது. சி-2ஏ என்றால் காலி செய்து பெரும்பழுது பார்க்க வேண்டும். சி-2பி என்றால் குடியிருக்கும்போதே பழுது பார்க்கலாம். சி-3 சிறு பழுது. ஆகவே, காலத்தில் சொன்னவர் வீட்டைக் காப்பாற்றிக்கொள்ள வழியுண்டு. வெளியேற நேர்ந்தாலும், குடியிருந்த பரப்பையும் உரிமையையும் எழுத்தில் பெற்ற பின்னரே சாவியைக் கொடுங்கள். வாடகை ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

அன்பர் காலண்டரைக் கழற்றிப் பென்சில் கோடிட்டார். மூன்றாம் வாரம் விரிசல் கோட்டைத் தாண்டிவிட்டது. அன்றிரவே மனு எழுதி, அண்டை வீட்டாரிடம் கையொப்பம் வாங்கினோம். பொறியாளர் வந்து பார்த்து, உத்தரத்துக்கு முட்டுக் கொடுக்கச் செய்திருக்கிறார், பழுதுவேலை நடைபெறுகிறது. அது முடியும்வரை அவருடைய பிள்ளைகள் இரவில் நம் வீட்டில் உறங்குகின்றனர்.

மழைக்காலம் தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீங்களும் உங்கள் வீட்டுக் காலண்டரைக் கழற்றிப் பாருங்கள், நேயர்களே.