பேயின் வாக்குமூலம்

'உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது' என்று திரையில் எழுத்து வந்தால் நமக்கு ஒரு நடுக்கம் வருகிறது. யாருடைய உண்மை என்று கேட்பதில்லை. நண்பர் ஒருவர் பென்டிரைவில் கொடுத்த 'தி எக்ஸார்சிசம் ஆஃப் எமிலி ரோஸ்' படத்தை அம்பத்தூரில் என் வாடகை வீட்டில் ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். 2005இல் ஸ்காட் டெரிக்சன் எடுத்தது. கல்லூரியில் படிக்கும் பெண்ணுக்குப் பேய் பிடிக்கிறது, பாதிரியார் ஓட்டுகிறார், பெண் செத்துப்போகிறாள். பாதிரியார் மேல் வழக்கு. பேய் பேசிய ஒலிநாடாவை நீதிமன்றத்தில் போட்டுக் காட்டுகிறார்கள். நோயா பேயா, நீங்களே முடிவு செய்யுங்கள் என்று படம் நடுநிலை வேஷம் போடுகிறது. ஆனால் கேமரா ராத்திரி மூணு மணிக்கே முடிவு செய்துவிட்டது.

அந்த உண்மைச் சம்பவம் ஜெர்மனியில் நடந்தது. பெண்ணின் பெயர் அன்னலீஸ் மிஷெல். 1968இல் பள்ளிக்கூடம் போகும்போதே வலிப்பு. மருந்து கொடுத்தார்கள். பிறகு பேய் என்றார்கள். 1975 செப்டம்பரில் பிஷப் அனுமதி கொடுக்க, பத்து மாதத்தில் 67 முறை ஓட்டினார்கள். 1976 ஜூலை 1 அன்று பட்டினியில் செத்தாள். வயது 23. எடை சுமார் 30 கிலோ. 1978இல் பெற்றோருக்கும் இரண்டு பாதிரியார்களுக்கும் ஆறு மாதத் தண்டனை, அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது. படத்தில் பெற்றோர் கூண்டில் ஏறுவதில்லை. ஒரே ஒரு பாதிரியார், அவரும் தியாகி. அந்த முப்பது கிலோ உடம்பு அரசு வக்கீலின் ஒரு வாதமாகச் சுருங்கிப்போகிறது. (2006இல் ஹான்ஸ் கிறிஸ்டியான் ஷ்மிட் என்ற ஜெர்மன்காரர் இதே கதையை 'ரெக்வியம்' என்று எடுத்தார். அதில் பேயே கிடையாது. ஒரு பெண், ஒரு அம்மா, ஒரு வீடு. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.)

நான் வங்கிக் குமாஸ்தா. நகைக்கடன் படிவத்தில் 'கடனின் நோக்கம்' என்று ஒரு கட்டம் உண்டு. பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா கம்மலைக் கழற்றி வைத்துவிட்டு, "பொண்ணுக்குக் காத்து கருப்பு அண்டிட்ச்சி சார், ஓட்டணும்" என்றார். 'மருத்துவச் செலவு' என்று எழுதினேன். கை எழுதியது. மனசு எங்கள் அக்காவிடம் போய்விட்டது.

பெரியம்மா மகள். 2001 ஆடி மாதம். கல்யாணமாகி நாலு மாதம்தான். தூக்கமில்லை, சோறில்லை, ஏரிக்கரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அமாவாசை ராத்திரி தெற்கே ஒரு அங்காளம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போனோம். எனக்குப் பன்னிரண்டு வயது. பம்பை, உடுக்கை, வேப்பிலை அடி. பம்பைக்காரரும் நம்ம ஆள்தான். "டேய், எந்த ஊர்றா நீ? எந்தச் சேரிடா?" பேய்க்கு முதல் கேள்வியே சாதி. அக்கா ஆண் குரலில் ஊர் சொன்னாள், பேர் சொன்னாள். எங்கள் காலனிப் பையன். ஊர்ப்பெண் ஒருத்தியோடு பழகியவன். முந்தைய வருஷம் ஏரிக்கரை மரத்தில் தொங்கினான். போலீஸ் தற்கொலை என்று எழுதி முடித்தது. அக்கா சொன்னாள்:

"நான் தொங்கல. தொங்க உட்டானுங்க. நாலு பேரு."

பம்பை நின்றது. பிறகு பம்பைக்காரர், "அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம். இப்ப இன்னா வோணும் உனுக்கு? போறியா இல்லியா?" என்றார். கோழி, சுருட்டு, சாராயம் என்று பேரம் படிந்தது. உச்சிமுடியை அறுத்துப் புளியமரத்தில் ஆணி அடித்தார்கள். அந்தச் சாவைக் கொலை என்று நாலு பேர் எதிரில் சொன்ன ஒரே வாய் அது. அதைத்தான் அன்றைக்கு ஆணி அடித்து மூடினோம். வேற்று ஆள் யாருமில்லை, நாமேதான். அன்னலீஸ் பேசியதை நாற்பதுக்கும் மேற்பட்ட நாடாக்களில் பதிந்து வைத்திருக்கிறார்கள். அக்கா பேசியதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

பத்து நாள் சும்மா இருந்தாள். மறுபடி ஆரம்பித்தது. ராத்திரியில் தாம்புக்கயிற்றால் கட்டிலோடு கட்டினோம். ஆகஸ்ட் 6 விடியற்காலை ஏர்வாடியில் மனநலக் காப்பகம் என்ற பெயரில் இருந்த கீற்றுக் கொட்டகை எரிந்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் செத்தவர்கள் உட்பட 28 பேர். தர்காவில் பேய் போகும் என்று குடும்பங்கள் கொண்டுவந்து விட்டவர்கள். (உடனே ஒரு மதத்தைக் கைகாட்ட வேண்டாம். அங்கே எல்லா மதத்தாரும் போனார்கள். சோளிங்கர், குணசீலம், புளியம்பட்டி அந்தோணியார் என்று எல்லாருக்கும் இடம் உண்டு.) உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கு எடுத்தது. ஒரே வாரத்தில் காப்பகங்களை மூடி ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை அரசு பொறுப்பேற்றது. சங்கிலியைச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்ய 2017 ஆயிற்று. இந்த உண்மைச் சம்பவத்தைப் பேய்ப்படமாக எடுக்க முடியாது. இதில் சங்கிலிதான் வரும்.

பேப்பரில் அந்தப் படத்தைப் பார்த்த பெரியம்மா ஒன்றும் பேசாமல் கயிற்றை அவிழ்த்துவிட்டார். அப்புறம் கீழ்ப்பாக்கம், மாத்திரை. 1794இலிருந்து இருக்கிற மருத்துவமனை, தமிழ் சினிமாவுக்கு மட்டும் வசவுச் சொல். அக்கா தூங்கினாள்.

பகுத்தறிவுத் தோழர்கள் 'மூடநம்பிக்கை' என்று ஒரே சொல்லில் முடித்துக்கொள்கிறார்கள். பேய் இல்லை, சரி. தொங்கியவன் இருந்தானே? காத்தவராயன் கழுவேற்றப்பட்டவன். மதுரைவீரன் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். கொன்றவனைப் பேர் சொல்ல முடியாத சனங்கள் கொல்லப்பட்டவனைச் சாமியாக்கினார்கள். சாமியாக்க முடியாதவன் பேயானான். வியாபார சினிமாவுக்கும் இது தெரிந்திருக்கிறது. ராகவா லாரன்சின் 'முனி'யில் (2007) அரசியல்வாதி கொன்ற குப்பத்து மனிதர் பேய். 'காஞ்சனா'வில் (2011) நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கை பேய். தியேட்டர் கைதட்டுகிறது. பேயே பழிவாங்கிவிடுவதால் யாரும் வழக்கு நடத்த வேண்டியதில்லை.

'புதிய கோடாங்கி' என்று நம்மவர்கள் ஒரு இதழுக்குப் பேர் வைத்தார்கள். ஓட்டுவதற்கில்லை, குறி கேட்பதற்கு என்று நான் எடுத்துக்கொள்கிறேன். மாணவத் தோழர்கள் அமாவாசைக்கு இப்படிப்பட்ட இடங்களுக்குப் போனால் முதலில் அந்தப் பெண்ணை டாக்டரிடம் சேர்க்க வழி பாருங்கள். அப்புறம் ஒரு நோட்டு எடுத்துப் பேய் சொல்லும் ஊர், பேர், செத்த விதம் எழுதுங்கள். கோர்ட்டில் அது செல்லாது. ஆனால் எந்த ஊரில் எந்த வருஷத்தில் 174 போட்டு மூடிய கோப்பைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம் என்று தெரியும்.

அக்கா இப்போது ஆவடியில் இருக்கிறாள். போன வாரம் நானே நோட்டோடு போனேன். "அன்னிக்கி நாலு பேருன்னு சொன்னியே, யாருக்கா அது?"

"நானா சொன்னேன்? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லடா தம்பி." டீ போட எழுந்து போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "அதுல ரெண்டு பேரு செத்துட்டானுங்க."